பன்னிரண்டாவது அறையின் ஓடு

கொத்தமங்கலம்,
ஐப்பசி 9.

அன்புள்ள ஏகப்பனுக்கு,

முத்துராமன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். கோலாலம்பூரில் நீயும் மீனலோசனியும் சுகம்தானே? போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துகிறோம், அதனால்தான் கடிதம்.

வக்கீல் நோட்டீஸ் கிடைத்தது. 'திரு. முத்துராமன் அவர்கள்' என்று போட்டிருக்கிறாய். பள்ளிக்கூடத்திலிருந்து பழகியதில் நீ எனக்குக் கொடுத்த முதல் மரியாதை.

உங்கள் பூர்வீக வீட்டில் உன் பங்காளிகள் நம் ஓட்டலுக்கு எழுதிக் கொடுத்தது பதினோரு அறை. உன் அண்ணன் காலமானபின் உன் அண்ணி மெய்யம்மை ஆச்சி பூட்டி வைத்திருக்கும் பன்னிரண்டாவது அறைக்குக் கூட்டுப் பணத்தில் ஏன் ஓடு மாற்றினாய் என்று கேட்கிறாய். கேட்காமல் செய்தது என் தப்புதான். ஆனால் கூரை ஒரே ஓட்டம். நடுவில் ஒன்றை மட்டும் எப்படி விடுவது? குளியலறைக் குழாயை நீ மூன்று தடவை மாற்றச் சொன்னபோது நான் வாய் திறந்தேனா? சலித்துவிட்டது, ஏகப்பா.

ஓடுகளைப் பிரித்தபோது மேலிருந்து பார்த்தேன். ஆச்சியின் கல்யாணச் சீர்ப் பாத்திரங்கள் வரிசையாக இருந்தன, எல்லாவற்றிலும் மழைத்தண்ணீர். மூடாமல் இறங்க எனக்கு மனசு வரவில்லை.

அந்தச் செலவை என் பங்கில் கழித்துக்கொள். கூட்டே வேண்டாம் என்றாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஆச்சிக்கும் ஏன் நோட்டீஸ் அனுப்பினாய்? நேற்று காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். "ஓட்டுக்குக் குடுக்க எங்கிட்டப் பணமில்லை. ஏகப்பன் அறையவே எடுத்துக்கிரட்டும், சாவிய நீங்களே அவங்கிட்டச் சேத்துருங்க" என்று சாவியை என் கையில் வைத்துவிட்டார்கள். பாத்திரங்களை எடுத்துப்போக ஒரு வண்டிகூடக் கேட்கவில்லை. காப்பியும் குடிக்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வருஷா வருஷம் பொங்கலுக்கு அந்த அறை வாசலில்தான் அவர்கள் அடுப்பு மூட்டுவார்கள். அறை போனால் அந்த வீட்டில் உன் அண்ணனுக்கென்று ஒன்றுமில்லை. வெளியாள் எனக்கே தெரிகிறது.

இரண்டு நாளாக நல்ல மழை. பன்னிரண்டாவது அறை ஒழுகவில்லை.

சாவியை உனக்குத் தபாலில் அனுப்ப மாட்டேன், ஆச்சியிடம் நானாகத் திருப்பிக் கொடுக்கவும் மாட்டேன். என் கையால் கொடுத்தால் ஆச்சி வாங்க மாட்டார்கள். நம் கூட்டு என்னவானாலும் சரி, பொங்கலுக்கு முன்னால் நீ ஒரு தடவை வந்து உன் கையால் கொடு. அதுவரை என்னிடமே இருக்கட்டும்.

அதனால் உனக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராது.

அன்புடன்,
வெறும் முத்துராமன்