கட்டுப் பிரிக்காத பீடி

1976 ஏப்ரல் 5, திங்கள்

தென்காற்று. வெயில் சுள்ளென்று. என் வீட்டுக்காரர் போனபின் இன்றுதான் உப்பளத்து வேலைக்கு. குவித்த உப்பில் கண் கூசியது. நல்லதுதான், கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

கேட்டார்கள். பக்கத்துப் பாத்தி செல்லம்மா, மெதுவாகத்தான். "ஏம்மா மேரி, ஒரு பீடிக்காகவா உசுர விட்டாரு?"

ஊர் முழுக்க இதே பேச்சு. கிளப்பியது என் தம்பி லூர்து. அன்று கடலில், காஸ் எடுக்கிற தெப்பத்தில், அவர்கூட வேலையில் இருந்தவன் அவன் ஒருத்தன்தான். மாமா தெப்பத்தில் பீடி பற்ற வைத்தார், காஸ் டிரம் வெடித்தது என்று தெப்பம் கட்டிய இன்ஜினியர் சாரிடம் சொல்லிவிட்டான். சாரும் அப்படியே மேலே எழுதிவிட்டாராம்.

மண்ணெண்ணெய் தீர்ந்தது. சோப்பும்.

ஏப்ரல் 7, புதன்

துவைக்கலாம் என்று அவர் சட்டையை எடுத்தேன். வைத்துவிட்டேன். பிளீச்சிங் பவுடர் வாடை, அந்தத் தெப்பத்து வாடை. மேலே காற்றாடி, கீழே அலையோடு ஏறி இறங்கும் இரும்புக் கை. இரண்டும் சேர்ந்து கரண்டு. அதைக் கடல் தண்ணீரில் விட்டால் ஒரு பக்கம் எரிகிற காஸ், மறுபக்கம் இந்த வாடை. பெட்ரோல் விலை ஏறிப்போச்சு, இனி இதுதான் என்பாராம் சார். இவருக்குச் சிரிப்பு. "நீ கடல்லேந்து உப்ப எடு, நான் நெருப்ப எடுக்கறேன். மீனுக்கு என்னாடி மிச்சம்?"

சட்டையில் பீடி வாடை இல்லை. எப்படி இருக்கும்? சாம்பல் புதனன்று பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் என் கையில் கொடுத்தவர். வருஷா வருஷம் தவக்காலம் முழுக்க பீடி இல்லை. வாயில் உப்புக்கல், தொட்டதுக்கெல்லாம் எரிச்சல். ஈஸ்டர் அன்று பூசை முடிந்ததும் கை நீட்டுவார். கட்டு அரிசிப் பானை மேல் இருக்கிறது. நூல்கூடப் பிரிக்கவில்லை.

லூர்துக்கும் இது தெரியும். பயத்தில் உளறிவிட்டான் போல. அப்படித்தான் இருக்கணும்.

ஏப்ரல் 12, திங்கள்

மேகம். தூறல் விழுந்தால் உப்பு போச்சு. விழவில்லை.

தெப்பத்தைக் கரைக்கு இழுத்தார்கள். போய்ப் பார்த்தேன். டிரம் இருந்த பக்கம் கருகல். இந்தப் பக்கம் கம்பத்தில் அவர் அடித்த சூசையப்பர் படம் அப்படியே. படத்துக்குக் கீழே, காற்று படாத மூலையில், பலகையில் மெழுகு ஒழுகி உறைந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். மெழுகுதான்.

அவர் செத்தது சூசையப்பர் திருநாளன்று. பிள்ளை பிறந்தால் சூசையப்பருக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன் என்று நேர்ந்துகொண்டவன் லூர்து. என்னிடம்தான் சொன்னான். பிள்ளைக்கு இப்போது மூன்று மாசம்.

வீடு வந்து உலை வைத்தேன். அரிசி போட மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 16, பெரிய வெள்ளி

கஞ்சி. சிலுவையை முத்தமிடுகிற வரிசையில் லூர்து எனக்கு முன்னால். குனிந்தவன் நிமிர நேரமாச்சு. பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நான் இல்லை.

ஏப்ரல் 18, ஈஸ்டர்

பூசை முடிந்து வந்தான். தூக்குவாளியில் ஆட்டுக்கறி, அக்காவுக்காம். உட்காரச் சொன்னேன். பானை மேலிருந்து பீடிக்கட்டை எடுத்து, தீப்பெட்டியோடு அவன் முன்னால் வைத்தேன்.

"மாமாவுடையது. அவர் வாயில பீடிய வச்சது நீதான? இந்தா, பத்த வை."

தொடவில்லை. தானாகச் சொன்னான். மாமா வேணாம்னுதான் சொன்னாராம். இவன்தான், காஸ் அந்தப் பக்கம்தானே என்று மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, கயிறு அவிழ்க்கப் படகில் இறங்கினானாம். மாமா அணைக்கப் போனாராம், அதற்குள் கசிந்த காஸ் பற்றிக்கொண்டதாம்.

அணைக்கப் போனவர் மேலேயே பழியைப் போட்டிருக்கிறான்.

ஏன்டா என்றேன். சார் புதுத் தெப்பம் கட்டுகிறாராம், இவன்தான் அதற்கு மேஸ்திரி, உண்மை தெரிந்தால் வேலை போய்விடுமாம்.

"செத்தவருக்கு இனிமே என்னாக்கா? உயிரோட இருக்கறவன் நான். யார்கிட்டயும் சொல்லிடாதக்கா."

சிறு பிள்ளையில் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு இதே அளத்தில் வேலை செய்திருக்கிறேன். போடா என்றேன். போய்விட்டான். தூக்குவாளி இங்கேயே. கறியில் எறும்பு.

நாளைக்கு அளத்தில் முதலில் செல்லம்மாவிடம். பீடி இல்லை, மெழுகுவர்த்தி என்று. ஏற்றியது யார் என்று கேட்பாள். என் தம்பி என்றுதான் சொல்லணும்.