பதினான்காவது பிரதி

இன்று அலுவலக மேசையின் அடித்தட்டைத் துப்புரவாக்கும்போது கோயில் கலண்டரில் கிழித்த ஒரு தாள் அகப்பட்டது. பின்பக்கத்தில் நீ கீறிய படம். நடுவில் ஒரு பெரிய பெட்டி, சுற்றிவரச் சின்னச் சின்னப் பெட்டிகள். கோடுகள் எல்லாம் கோணல். கணக்கில் புலியான உனக்கு நேராக ஒரு கோடு போட வராது என்று எத்தனை தரம் சொல்லிச் சிரித்திருப்பேன்.

எங்கள் வீடுகள் இருந்த மோர்னிங்சைட்டில் ஒரே காரில் ஏறி, நகரின் மறுகோடியில் பிறம்ரனில் இருக்கும் இந்த லொறிக் கொம்பனிக்கு நாங்கள் இருவரும் வந்துபோன காலம் அது. எந்த லொறி எத்தனை மணிக்கு எந்தக் களஞ்சியத்துக்குப் போகவேண்டும் என்று சொல்லும் புரோகிராமைப் பராமரிப்பது எங்கள் வேலை. புது வாடிக்கையாளர் வந்தால் நான் பழைய புரோகிராமை முழுதாகப் பிரதி எடுத்து, அவர்களுக்கு வேண்டிய நாலு வரியை மாற்றிக் கொடுத்துவிடுவேன். அரை நாளில் வேலை முடியும். மனேஜர் என்னைக் கெட்டிக்காரி என்பார். எனக்கும் அது பிடித்திருந்தது.

உனக்குத்தான் பிடிக்கவில்லை. எல்லாருக்கும் பொதுவான வேலை நடுவில் ஒரே இடத்தில் இருக்கவேண்டும், ஒவ்வொரு வாடிக்கையாளரின் தனி விதிகள் மட்டும் வெளியே இருந்தால் போதும் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வருவாய். "எழுதிறதிலை செலவில்லையடி. எழுதினதை வைச்சுப் பாக்கிறதிலைதான் முழுச் செலவும்" என்பாய். அந்தக் கலண்டர் தாளில் நீ படம் கீறியதும் 401 நெடுஞ்சாலை நெரிசலில் நின்றபோதுதான். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சரி சரி என்றேன். உன் வாயை அடைக்கச் சொன்ன சரி அது.

மார்ச்சில் இந்த நாடு முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளும் நாளுக்காக ஒரு திருத்தம் தேவைப்பட்டது. ஒரே திருத்தத்தை ஒவ்வொரு பிரதியிலும் தனித்தனியே செய்யவேண்டும். பட்டியலில் இருந்த பதின்மூன்றிலும் நீ செய்தாய். பதினான்காவதை நான் முந்திய கிழமை அவசர அவசரமாக எடுத்திருந்தேன். பட்டியலில் சேர்க்கவில்லை, உனக்கும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை அந்த வாடிக்கையாளரின் மரக்கறி லொறிகள் எல்லாம் ஒரு மணித்தியாலம் பிந்திப் போய் நின்றன. களஞ்சியத்தார் இறக்கமாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கூட்டத்தில் மனேஜர் உன்னைத்தான் பிடித்துக்கொண்டார். திருத்தம் உன் பொறுப்பு. புரோகிராமை உன் படத்தின்படி மாற்றி அமைக்க நீ ஆறு மாதம் கேட்டிருந்ததும் அதே கிழமைதான். சின்னத் திருத்தம் ஒன்றையே முழுதாகச் செய்யாத ஆளை நம்பி முழுப் புரோகிராமையும் எப்படித் தருவது என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ மன்னிப்புக் கேட்டாய். உன் திட்டம் அன்றோடு கிடப்பில் போனது. பின்னேரம் காரில் நீ மகளின் நீச்சல் வகுப்பைப் பற்றிக் கதைத்தாய். உனக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்கு நிம்மதி. அந்த நிம்மதியை நினைக்க இப்போது வெட்கமாக இருக்கிறது.

அதன்பின் மூன்று வருடம், எந்தச் சின்ன மாற்றத்தையும் பதினான்கு இடத்தில் செய்தாய். பிறகு உனக்கு ஆஸ்பத்திரியில் படுக்கவைக்கும் வருத்தம் வந்தது. வேலையை விட்டாய். அடுத்த பனிக்காலம் முடியுமுன் போய்விட்டாய்.

பழுது பார்ப்பதிலேயே எங்கள் நேரம் முழுக்கப் போகிறது என்று மனேஜருக்கு இந்த வருடம்தான் உறைத்தது. வேறு வழி உண்டா என்று கேட்டார். உன் வழியை உன் பெயரோடு சொன்னேன். நடுப்பெட்டியைக் கட்டி, பிரதிகளை ஒவ்வொன்றாக அழித்து வருகிறோம். முன்பு இரண்டு கிழமை இழுத்த மாற்றம் இப்போது ஒரு பின்னேரத்தில் முடிகிறது. நீ சொன்னது அப்படியே சரி. இதை நீ இருக்கும்போது ஒத்துக்கொண்டிருந்தால் என் தலை கழன்று விழுந்திருக்காது.

இன்று கடைசியாகப் பதினான்காவது. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு நான் அதைத் திறந்ததே இல்லை. அதில் ஏதும் வேலை வந்தால் யார் தலையிலாவது கட்டிவிடுவேன். அழிக்குமுன் ஒருதரம் வாசித்துப் பார்த்தேன். மற்றவர்களுக்கு விளங்கக்கூடாது என்று நாங்கள் புரோகிராமுக்கு நடுவே ஆங்கில எழுத்தில் தமிழ்க் குறிப்பு எழுதுவோமே, மனேஜரின் கோபம், மத்தியானச் சாப்பாடு என்று. அப்படி ஒன்று, லொறிகள் திரும்பி வந்தபின் நீ இதிலும் மணியைத் திருத்திய வரிக்கு மேலே இருந்தது. கூட்டம் நடந்த அன்றைய திகதி போட்டு எழுதியிருக்கிறாய்.

"இது ஆர் செய்தது எண்டு எனக்குத் தெரியும். அவளாச் சொல்லட்டும்."

பிறகு மனேஜரின் அறைக்குப் போய், அந்தத் திங்கட்கிழமை லொறிகளைப் பிந்தவைத்த பிரதி என்னுடையது, நீ திருத்தம் செய்தபோது அப்படி ஒன்று இருந்ததே உனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவர் யோசித்துப் பார்த்தார். எந்தத் திங்கட்கிழமை என்று கேட்டார்.

மூன்று வருடம், போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம், நீ என் பக்கத்து இருக்கையில் இருந்தாய். நான் நெரிசலைத் திட்டினேன், மீன் விலை சொன்னேன், மாமியாரைப் பற்றி முறைப்பட்டேன். நீ ஒருநாளும் கேட்கவில்லை. நானாகச் சொல்வேன் என்று பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாய். சொல்லிவிட்டேனடி, எந்தத் திங்கட்கிழமை என்று கேட்கிற ஆளிடம்.