ஒரு ராத்திரி தூரத்தில் அஸ்ஸாம்

ஓசூர்,
1-9-57, ஞாயிறு.

சௌபாக்கியவதி வெங்கடலட்சுமிக்கு அம்மா எழுதுவது. உன் அப்பாவின் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் மற்ற எல்லாம் சுகமாக இருக்கிறது. கல்கத்தா மழையில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி ஜுரம் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இந்தத் தரம் எனக்கே பதில் தெரியாத ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். பதினோரு வருஷம் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்து, பரீட்சை எழுதி, தேறியும் வெளியே வந்த ஒருவனுக்குத் தன் சொந்தத் தங்கையை எந்த ஊருக்கு அனுப்புகிறோம், அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றால், அந்தப் பதினோரு வருஷமும் அங்கே என்னதான் நடந்தது? இருபத்திரண்டு வருஷமாகப் பூகோளம் சொல்லிக்கொடுக்கும் எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

விஷயம் இதுதான். சூளகிரிப் பெரியப்பா தன் பெண் சரசம்மாவுக்கு வரன் பார்த்துவிட்டார். பையன் பெயர் முனிராஜ். சொந்த ஊர் பாரூர். ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளைகிற குடும்பம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பையன் இருப்பது பாரூரில் இல்லை, அஸ்ஸாமில், திப்ருகருக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்து மெஷின் வேலையில். நாளைக்குச் சூளகிரியில் தாம்பூலம் மாற்றுகிறார்கள். நம் குடும்பத்து வழக்கம் உனக்குத் தெரியும். கொடுத்த பெண்ணை முதல் ஆடிக்கும் முதல் பிரசவத்துக்கும் அண்ணனோ தம்பியோ நேரில் போய், அரிசியும் வெல்லமும் தேங்காயும் மடியில் கட்டிக் கூட்டிவர வேண்டும். வழியில் ஒரு ராத்திரிக்கு மேல் தங்கக்கூடாது. அந்தத் தேங்காயைத் தாய்வீட்டு வாசலில்தான் உடைக்க வேண்டும். உன்னைக் கல்கத்தாவுக்குக் கொடுத்து நாங்கள் இந்த வழக்கத்தை மீறினோம் என்று பெரியப்பா இன்றுவரை ஒவ்வொரு விசேஷத்திலும் நினைவுபடுத்துகிறார். அப்படிப்பட்டவர் அஸ்ஸாமுக்கு எப்படிச் சம்மதித்தார் என்று நீ ஆச்சரியப்படுவாய். நானும் ஆச்சரியப்பட்டேன், நேற்றுவரை.

நேற்று பெரியப்பா, நஞ்சம்மா பெரியம்மா, சின்னராஜ், சரசம்மா நான்கு பேரும் புடவை எடுக்க வந்தவர்கள் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார்கள். வந்த காரியம் சாப்பாடு அல்ல, உன் விலாசம். அண்ணன்காரன் சின்னராஜ்தான் பேசினான். எஸ்.எஸ்.எல்.சி. தேறியதிலிருந்து அந்த வீட்டில் அவன்தான் பேசுகிறான். பெங்களூர்ல ஏறினா மெட்ராஸ், மெட்ராஸ்ல மெயில் புடிச்சா கல்கத்தா, அங்க அக்கா வூட்ல குளிச்சுட்டு சாயங்காலம் வண்டி ஏறினா விடியக்காலம் அஸ்ஸாம், அக்கா வூடு நம்ம வூடுதானே சின்னம்மா, அங்கிருந்து கணக்குப் பண்ணினா ஒரே ராத்திரி, தேங்காயையும் அக்கா வாசல்லயே ஒடச்சுடலாம் என்றான். பெரியம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ கோர்ட்டில் வக்கீல் பேசுவதைப் பார்க்கிற மாதிரி. ஒரு ராத்திரி என்று யாரப்பா சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம், அவனே பார்த்துக் கண்டுபிடித்தானாம். பள்ளிக்கூடத்து மேப்பில் கல்கத்தாவுக்கும் அஸ்ஸாமுக்கும் நடுவில் இரண்டு விரல்கடை கூட இல்லையாம், நேராக ஒரு கோடுதானாம்.

என் அட்லஸை எடுத்து விரித்தேன். நடுவில் வேறு வர்ணத்தில் கிடந்த பூமியைப் பார்த்து இது என்ன என்றான். கிழக்குப் பாகிஸ்தான் என்றேன். பாகிஸ்தான் மேக்கால பஞ்சாப் பக்கம் இல்ல இருக்குது, ஒரு நாடு எப்படி சின்னம்மா ரெண்டு எடத்துல இருக்கும் என்று என்னையே கேட்டான். பெரியப்பா சிரித்துவிட்டார். ஏன்டா, எனக்கு சூளகிரியில ஒரு துண்டு பாகலூர்ல ஒரு துண்டு இல்லையா, நடுவுல அடுத்தவன் நெலம் இல்லையா, நாடுன்னா மட்டும் ஆகாதா என்றார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மனுஷனுக்கு அது ஒரு நொடியில் விளங்கிவிட்டதே என்று எனக்குச் சந்தோஷம். அது அடுத்த நொடி வரைக்கும்தான். சரி டீச்சரம்மா, நடுவுல அடுத்தவன் நெலம்தான், இருந்துட்டுப் போகட்டும், நாம அடுத்தவன் வரப்புல நடக்கறதில்லையா, கேட்டா விடாமலா போவான் என்று வெற்றிலையை மடித்தார். ரயில் அந்த வழியாகப் போவதில்லை, வடக்கே சுற்றிக்கொண்டு, கங்கையை ஒரு தரம் பிரம்மபுத்திராவை ஒரு தரம் படகில் தாண்டிப் போக வேண்டும், நாட்டைப் பிரிப்பதற்கு முன்னால்கூட அது ஒரு ராத்திரிப் பயணமாக இருந்ததில்லை என்று சொன்னேன். சின்னராஜ் அட்லஸை மூடி என் பக்கம் தள்ளினான். பள்ளிக்கூடத்து மேப்பு சுவர் முழுக்க இருக்கும், அதில் இல்லாத நாடு இந்தப் புஸ்தகத்தில் எங்கிருந்து வந்தது என்றான். உங்களுக்கு இந்தச் சம்பந்தம் புடிக்கல, நேரா சொல்லிடுங்க சின்னம்மா என்றும் சொன்னான்.

அந்தச் சுவர் மேப்பு எனக்கு நன்றாகத் தெரியும். யுத்தத்துக்கு முன்னால் வாங்கியது. அதில் லாகூரும் டாக்காவும் ஒரே சிவப்பில் நம்மோடு இருக்கின்றன, பர்மா பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகிறது, போன வருஷம் மாகாணங்களையே வெட்டி ஒட்டினார்கள், நம் தாலுகா மைசூரோடு போகுமா போகாதா என்று ஊர் முழுக்கத் தொண்டை கட்டக் கத்தினார்கள். கத்தினவர்களில் ஒருவராவது ஒரு புது மேப்பு வாங்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தாரா? மூன்று வருஷமாக எழுதிக் கேட்டேன். கமிட்டிக்காரர்கள் ஆண்டு விழாவுக்கு ஒலிபெருக்கி வாங்கினார்கள். தலைமை ஆசிரியர், பழைய மேப்பில் பழகின பிள்ளைகள் புது மேப்பைக் கண்டால் குழம்பிப் போவார்கள் அம்மா என்று என்னிடமே சொன்னார், முகத்தில் சிரிப்புகூட இல்லாமல். பூகோளம் என்ற பெயரையே எடுத்துவிட்டார்கள். இப்போது அது சமூகப் பாடம். பொம்பளைகள் சின்ன வகுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று மேல் வகுப்பு இரண்டையும் டிரில் மாஸ்டரிடம் கொடுத்துவிட்டார்கள். சின்னராஜ் அவரிடம்தான் படித்தான். அவர் நோட்ஸ் சொல்வார், பையன்கள் எழுதுவார்கள், மாவட்டத்திலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் அந்த நோட்டின் கையெழுத்தைப் பார்த்து மெச்சிவிட்டுப் போனார்.

பெரியவர்களைத் திட்டிவிட்டுப் பையன்கள் மேல் இரக்கப்படவும் எனக்கு மனசு வரவில்லை. அவர்களுக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையே இல்லை. சென்ற வாரம் ஒருவன் காஷ்மீரும் கன்னியாகுமரியும் பக்கத்துப் பக்கத்து ஊர் என்று எழுதியிருந்தான். எப்படியடா என்றால், மேடையில் பேசுகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்களே என்கிறான். பெண்ணையாறு எங்கே போகிறது என்று கேட்டால் பாலத்துக்கு அடியில் போகிறது டீச்சர் என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வருகிறது, வகுப்பே சிரிக்கிறது. எங்க போனாலும் பஸ்ஸுல போர்டு இருக்கும், கண்டக்டர் எறக்கி விடுவாரு, நாங்க எதுக்கு டீச்சர் தெரிஞ்சுக்கணும் என்று ஒருவன் எழுந்து நின்று கேட்டான். அவன் அப்பாவுக்கு இரண்டு பஸ் ஓடுகிறது. இந்த ஊருக்கு வந்துகொண்டிருந்த சின்ன ரயிலின் தண்டவாளத்தை யுத்தத்தில் பிடுங்கிக்கொண்டு போனார்கள், அப்படி ஒன்று இருந்தது என்றுகூட இவர்களுக்குத் தெரியாது, சொன்னால் நம்புவதும் இல்லை.

சரசம்மா நேற்று இந்தப் பேச்சுக்கே வரவில்லை. சமையலறைக் கதவோரம் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். எட்டாவதோடு அவளை நிறுத்திவிட்டு மாடு பார்க்கவிட்டார்கள். அண்ணன் படிக்க வேண்டும் என்று. அஸ்ஸாம் எங்கே இருக்கிறது தெரியுமா என்று கேட்டேன். தேயிலை டப்பாவில் படம் போட்டிருக்கும் சின்னம்மா என்றாள், தலையை நிமிர்த்தாமல். பயந்து போயிருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. பதினேழு வயசு, கிருஷ்ணகிரியைத் தாண்டிப் போனதில்லை, ஆடிக்கு அண்ணன் வருவான் என்று அங்கே வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், இவன் மெட்ராஸ் ஸ்டேஷனிலேயே திருதிருவென்று விழிப்பான். நாளைக்குத் தாம்பூலத்தட்டு மாறுவதற்கு முன்னால் பையனுடைய மாமன் திம்மப்பனிடம், எல்லோருக்கும் முன்னால், எத்தனை நாள் பயணம் என்று கேட்கப் போகிறேன். பையன் அங்கிருந்து வந்து போகிறானே, மாமனுக்குத் தெரியாமல் இருக்காது. உன் அப்பா பேப்பரை இறக்காமலே, உனக்கு எதுக்கு இந்த வேலை, அண்ணன் கோபம் ஒரு வருஷம் இருக்கும் என்றார். இருக்கட்டும். பள்ளிக்கூடத்தில் நான் சொன்னது எதுவும் ஏறவில்லை, இதிலாவது ஒரு பெண் தப்பிக்கட்டும்.

சின்னராஜ் உனக்குக் கடிதம் போட்டால், வா, அழைத்துப் போகிறேன் என்று மரியாதைக்காகக்கூட எழுதிவிடாதே, அதை அவன் ரயில்வே டைம்டேபிள் போலக் காட்டிக்கொண்டு திரிவான். குழந்தைக்குத் தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டித்தான் கொடுக்க வேண்டும், கல்கத்தாத் தண்ணீரை நான் நம்பவில்லை. மாப்பிள்ளை வாங்கித் தருவதாகச் சொன்ன வங்காள மாவட்டங்களின் புது மேப்பை மறக்காமல் தபாலில் அனுப்பு, என் வகுப்புச் சுவரில் நானே ஆணி அடித்து மாட்டிக்கொள்கிறேன், கமிட்டி என்ன சொல்கிறதென்று பார்ப்போம். எனக்குத் தெய்வத்திடம் நீளமாகக் கேட்டுப் பழக்கமில்லை. நீங்கள் மூன்று பேரும் திடமாக, ஒருவருக்கொருவர் அனுசரணையாக, நெடுநாள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
சரோஜம்மாள்.

திங்கள் ராத்திரி. கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

தட்டு வைத்ததும் கேட்டேன். திம்மப்பன் ஒளிக்கவே இல்லை. போன தடவ முனிராஜ் வந்தப்போ எட்டு நாள் ஆச்சுங்கம்மா, ஆத்துல வெள்ளம், படகு ஓடல, மத்தபடி அஞ்சாறு நாள்ல வந்துடலாம் என்றார். ஒரு ராத்திரி என்று நாங்கள் எங்கே சொன்னோம், உங்க பையன்தான் சொன்னாரு, படிச்ச புள்ள சொல்றப்போ சேத்துல நிக்கிறவன் நான் குறுக்கே பேசலாமா என்றும் கேட்டார். நேற்று முன்தினம் என் அட்லஸ் சொன்னதை நம்பாத பெரியப்பா, இதை உடனே நம்பினார். சின்னராஜைப் பார்த்தார். அவன், மேப்புல அப்படித்தான் இருக்குதுப்பா என்று தரையைப் பார்த்தான். அண்ணன் போய்க் கூட்டியார முடியாத எடத்துக்கு என் பொண்ணு போகமாட்டா என்று பெரியப்பா தட்டைத் திருப்பி வைத்தார். பாரூர்க்காரர்கள் கைநனைக்காமல் கிளம்பிப் போய்விட்டார்கள்.

போட்ட இலைகளை எடுப்பதற்குள் நஞ்சம்மா பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பந்தலில் நின்றிருந்த தன் தம்பி, பக்கத்துப் பேரிகை ஆஞ்சப்பனைக் கூப்பிட்டாள். அவர் மனைவி போன தையில் தவறிப்போனாள், இரண்டு குழந்தைகள். அக்கா மகளை மாமன் கட்டுவது நம் பக்கத்தில் புதிதல்ல. சமைச்சது வீணாக வேணாம்டா, நீயே தட்டை எடுத்துக்கோ என்றாள். அவர் தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டார். வருகிற ஞாயிறே கல்யாணமாம், நாள் நன்றாக இருக்கிறதாம்.

சரசம்மா என்னை பஸ் ஏற்றிவிட ரோடு வரைக்கும் வந்தாள். உனக்காகத்தான் கேட்டேன் என்று சொன்னேன். எட்டு நாளுன்னு எனக்கு முன்னாடியே தெரியும் சின்னம்மா, பாரூர் மாப்பிள்ளையோட அத்தை போன மாசமே சொன்னாங்க, எவ்ளோ தூரமோ அவ்ளோ நல்லதுன்னுதான் அண்ணன் சொன்னதை நான் திருத்தல என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஓசூர் ஓசூர் என்று கத்தினான். நான் படியில் கால் வைத்தபோது, பேரிகைன்னா அண்ணனுக்கு ஒரு ராத்திரி கூட வேணாம், மத்தியானச் சோத்துக்கு வந்து கூட்டிட்டுப் போயிடலாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.