மலைப்பாதையில் இரண்டு கிளாஸ் தே

பிப்ரவரி 23, ஞாயிறு

காரைக் கழுவினேன். அந்தப் பளபளப்பைப் பார்க்க எங்கள் புந்தோங்கில் பாதி சனம் கூடிவிட்டது. சரி, எதிர்வீட்டுச் சீனர் எட்டிப் பார்த்தார்.

பழைய கூட்டாளி முத்து முகம்மது பாயின் சாப்பாட்டுக் கடைக்குப் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை கேமரன் மலைக்குப் போகலாம் வாங்க என்றேன். சிம்பாங் பூலாய்ப் பாதை, ஆயிரம் வளைவு. இருபது வருசம் நான் காய்கறி லோரி ஓட்டிய பாதை. கண்ணை மூடிக்கொண்டே ஓட்டுவேன்.

"நீ கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவே, நான் வாயத் தொறந்துகிட்டு வாந்தி எடுப்பேன். ஆள விடு லா."

பிப்ரவரி 24

ஜொகூரிலிருந்து மகள் பிரமிளா பேசினாள். அவள் அம்மா போய்ச் சேர்ந்ததிலிருந்து ஒரே பாட்டு. "மலைக்குத் தனியா ஓட்டிட்டுப் போனீங்கன்னா, கார வித்துட்டு உங்கள இங்க கூட்டிட்டு வந்துருவேன்பா."

அவள் வீடு பதினாலாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு பதினாலாவது மாடி. நான் அங்கே யாரிடம் பேசுவது?

பாய் கூட வருகிறார் என்றேன். அவரே கெஞ்சிக் கேட்டார் என்றும் சேர்த்துக்கொண்டேன். மகள்தானே.

மார்ச் 2

மழை. போகவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

போய்விட்டு வந்தேன். என்னைப் போல் அந்தப் பாதையை வளைத்து ஓட்ட இந்தப் பேராக்கில் ஆள் கிடையாது. சுண்ணாம்பு மலைகள் பின்னால் போய், பனி இறங்கி வந்தது. ஒரு புலி குறுக்கே ஓடியது. நாயாகவும் இருக்கலாம்.

ஒவ்வொரு வளைவிலும் "பாத்தியா, பாத்தியா" என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறேன். யாரிடம் சொன்னேன்?

மேலே ஒரு தமிழ் அக்கா கடையில் சூடாக இரண்டு கிளாஸ் தே, தேங்காய்ப்பால் சோற்றில் இரண்டு நாசி லெமாக் வாங்கினேன்.

"இன்னொருத்தர் எங்கண்ணே?"

"வராரு."

எல்லாவற்றையும் காரின் முன்மூடியில் வைத்து, பின்னால் மலை தெரிய ஒரு படம் எடுத்துப் பிரமிளாவுக்கு அனுப்பினேன். 'நானும் பாயும்.' இரண்டு தேயையும் நானே குடித்தேன். இரண்டாவது ஆறிப்போய்விட்டது.

சாயங்காலம் அவளிடமிருந்து பதில். 'அப்பா, இது நோன்பு மாசம். மாமா பட்டப்பகல்ல தே குடிக்கிறாரா?'

ஒரு வாரமாகப் பாய் கடை பகலில் அடைத்துக் கிடக்கிறது. நான் தினமும் அந்தப் பக்கம் போய், பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். அப்புறம் எப்படி மறந்தேன்? கூட ஒருத்தர் இருந்தால் இரண்டு கிளாஸ். கை தானாகக் காசை நீட்டிவிட்டது.

மார்ச் 10

போன் அடித்தால் எடுக்க மாட்டேங்கிறா. கார வித்துருவாளா? வித்துருவா. அவ அம்மா மாதிரி, சொன்னா செய்யிறவ.

மார்ச் 11

நோன்பு திறந்த பிறகு பாய் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சியை என் முன்னால் வைத்தார்.

"நேத்து மத்தியானம் ஒன் மக போன் பண்ணுனா. நெசமா கூடப் போனீங்களா மாமான்னு கேட்டா."

நான் கஞ்சியைக் கிண்டினேன்.

"போனேம்மான்னு சொன்னேன். ரெண்டு தேயும் ஒங்கப்பா வயித்துக்குள்ளதான் போச்சு, ஒன்னு அவருக்குக் காணாதுன்னேன்."

அப்புறம் சிரிக்காமல் சொன்னார். "நோன்பு வாயால பொய் சொல்ல வச்சிட்டியே, ராமையா."

கஞ்சியைக் குடித்தேன்.

மார்ச் 12

காரை விற்கவில்லையாம். அடுத்த தடவை மாமா முகமும் படத்தில் இருக்கணுமாம்.

மார்ச் 31

பெருநாள். பாய் வீட்டில் பிரியாணி. பிரமிளா அம்மா போன பிறகு வீடு ரொம்பச் சத்தமில்லாமல் இருக்கிறது என்று எழுத நினைத்தேன். எழுதி என்ன.

ஏப்ரல் 6, ஞாயிறு

விடிந்ததும் பாய் வாசலில் நின்றார். ஒரு கையில் புளிப்புப் பழப் பொட்டலம், மறு கையில் பிளாஸ்டிக் பைகள்.

"சொன்ன பொய்ய உண்மையாக்கிட்டு வந்துருவோம். வண்டிய எடு."

ஏற்றம் தொடங்கி மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுத்தார். முகம் வெளுத்துவிட்டது. திரும்பிடலாம் பாய் என்றேன்.

"ஓட்டு லா. மெதுவா ஓட்டு."

இருபதில் ஓட்டினேன். பின்னால் வந்த லோரிகள் ஆரன் அடித்தன. ஒதுங்கி ஒதுங்கி எல்லாவற்றுக்கும் வழி விட்டேன். மேலே போய்ச் சேரவில்லை. பாதி வழியில் ஓரமாக நிறுத்திப் படம் எடுக்கப் போனை எடுத்தால், பாய் இருக்கையில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தார்.

போனைப் பைக்குள் வைத்தேன். எதிரே மலை முழுவதும் பனி விலகிக்கொண்டிருந்தது. "பாத்தியா" என்று சொல்ல, அவர் விழிக்கட்டும் என்று காத்திருந்தேன்.