நாகனோ வீட்டில் ஆரூரனின் படம்

மொன்றியல்
11.09.2005

அன்புள்ள சகோதரி மிட்சுகோ அவர்களுக்கு,

நாங்கள் இங்கு நலம். உங்கள் முழங்கால் நோ குறைய முருகனை வேண்டுகிறேன். நான் சாம்பவியின் அம்மா, புஷ்பவதி. எனக்குத் தெரிந்தது தமிழும் கடைக்குப் போகுமளவு பிரெஞ்சும்தான். ஆகவே தமிழிலேயே எழுதுகிறேன். சாம்பவி உங்களுக்கு வாசித்துச் சொல்லுவாள். சாம்பவி, ஒரு வரியும் விடாதே. உனக்குக் கஷ்டமான இடங்களையும் சொல்லு.

முதலில் நன்றி. ஒரு வருடப் படிப்புக்கு யப்பான் போகப்போகிறேன் என்று அவள் வந்து நின்றபோது நான் சம்மதிக்கவில்லை. இங்கே தேத்தண்ணி குடித்த கப்பைக் கழுவாத பிள்ளை, அங்கே நாகனோவில் உங்களோடு நின்று அரிசி கழுவுகிறாளாம். வெளியில் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் தொட்டிக்குள் இறங்கவேண்டுமாம், இரண்டு பேருக்கும் ஒரே தண்ணீராம். டெலிபோனில் கதைக்கும்போதுகூடத் தலை குனிகிறாள் என்று அவளே சொல்லிச் சிரித்தாள். இருபது வருடம் நான் கத்தியும் வராத பணிவை நீங்கள் ஐந்து மாதத்தில் வரவைத்துவிட்டீர்கள். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் நடுவில் இறந்தவர்கள் வீட்டுக்கு வந்துபோவார்கள் என்று உங்கள் ஊரில் கொண்டாடுவதைப் பற்றி அவள் எழுதியிருந்தாள். உங்கள் கணவரின் படம் இருக்கும் சிறிய மாடத்தில் சோறும் தண்ணீரும் வைத்தீர்களாம். உங்கள் வீட்டில் யாரும் தவறியிருக்கிறார்களா என்று அவளிடம் கேட்டீர்களாம். அவள் பேர்ஸிலிருந்து தன் அண்ணனின் படத்தை எடுத்துத் தந்தாளாம். அதையும் பக்கத்தில் வைத்து, அவனுக்கும் ஒரு சின்னக் கிண்ணத்தில் சோறு வைத்துக் கும்பிட்டீர்களாம். படம் இன்னும் அங்கேதான் இருக்கிறதாம்.

சகோதரி, எங்கள் வீட்டில் ஆரூரன் இறக்கவில்லை. 1996இல் யாழ்ப்பாணத்தில் ரியூசனுக்கென்று சைக்கிளில் போனவன் திரும்பி வரவில்லை. பதினேழு வயது. உடலும் இல்லை, செய்தியும் இல்லை. அவன் படத்துக்கு நாங்கள் மாலை போட்டதில்லை, விளக்கு வைத்ததில்லை. திவசம் என்ற சொல்லை என் கணவர் நகுலேஸ்வரன் முன்னால் யாரும் எடுப்பதில்லை. வந்து இறங்குகிறவனுக்குக் குளிருமே என்று அவர் வாங்கிய விண்டர் ஜக்கெற் வாசலில் தொங்குகிறது. அப்போது சாம்பவிக்குப் பதினொரு வயது. நாங்கள் வாய் திறக்காத விஷயத்தில் அவள் தன்பாட்டுக்கு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

அந்தக் கடிதத்தை அவருக்கு நான்தான் உரக்க வாசித்தேன். முன்கூட்டிப் படித்துப் பார்க்காதது என் பிழை. பாதியில் எழும்பிப் போய்விட்டார். இரண்டு ஞாயிறாக மகளின் டெலிபோன் கோல் வந்தால் எடுப்பதில்லை. படத்தை எடுத்துவிடச் சொல்லி அந்த அம்மாவுக்கு எழுது என்று மட்டும் சொன்னார். சாம்பவியும் எடுத்துவிடுகிறேன் அம்மா என்று டெலிபோனில் அழுதாள். அதை எழுதத்தான் நான் இந்தத் தாளை எடுத்தேன்.

நேற்று ஜான்-டலோன் சந்தையில் வேலை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கத்தரிக்காய்க் குழம்பு, ஆரூரனுக்குப் பிடித்தது. தட்டைப் பார்த்தபடியே கேட்டார், அங்கை அவை வெறும் சோறோ வைச்சவை, கறி ஒண்டும் வைக்கேல்லையோ என்று. வெறும் சோறுதான் என்றேன். அதன்பிறகு அவர் ஒரு வாயும் சாப்பிடவில்லை.

ஒன்பது வருடமாக இப்படி ஒரு கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். என் பிள்ளை இல்லை என்று எனக்கு எப்போதோ தெரியும். சொன்னால் இந்த மனிதர் தாங்கமாட்டார் என்ற பயத்தில் சொல்லாமலே இருந்துவிட்டேன். இன்று முதன்முதலாக உங்களிடம் சொல்கிறேன். சாம்பவி, நீயும் அறிந்துகொள். உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

படத்தை எடுக்கவேண்டாம் சகோதரி. எடுத்திருந்தால் திரும்ப வையுங்கள். இத்துடன் வறுத்த கறித்தூள் ஒரு பொதி அனுப்புகிறேன். கத்தரிக்காய் அங்கேயும் கிடைக்குமாம், சாம்பவி சமைப்பாள். அவள் உப்பைக் கொட்டிவிடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். இவரிடம் எடுக்கச் சொல்லி எழுதிவிட்டேன் என்றுதான் சொல்லப்போகிறேன். நம்பமாட்டார். ஆனால் மேலே கேட்கவும் மாட்டார்.

நீங்கள் நீண்ட ஆயுளோடு இருக்கவேண்டும். என் கையால் வைக்க முடியாத சோற்றை எனக்காக நீங்கள் வையுங்கள். அவன் பசியோடு வந்தால் அவசர அவசரமாகச் சாப்பிடுவான், விக்கும். தண்ணீரைக் கிட்ட வையுங்கள்.

இப்படிக்கு,
ஆரூரனின் அம்மா
புஷ்பவதி