இடது கையால் எடுத்த குங்குமம்

14 ஜூன் 1996, வெள்ளி

பேக்டரி ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி கோவிந்தன் இன்று மாலை மனைவியோடு வீட்டுக்கு வந்தார், மகள் கல்யாணத்துக்கு அழைக்க. தோட்டத்து லயத்தில் ஒரு வீடு விடாமல் அழைக்கிறார்களாம். காலையில்தான் அதே மனிதரின் மேசைக்கு முன்னால் நின்றுவிட்டு வந்திருந்தேன்.

ரப்பர் ரோலரில் என் வலது கை மாட்டியபோது, நஷ்டஈடு வாங்கினாலும் வைத்தியத்தைக் கம்பெனியே பார்க்கும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியவர் அவர். இப்போது விரல் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போகச் சீட்டு கேட்டால், "கேஸ் முடிஞ்சிருச்சிலா வள்ளி, கை நல்லாத்தானே இருக்கு" என்கிறார். பயிற்சியை விட்டால் விரல்கள் மடங்கியபடியே இறுகிவிடும் என்று டாக்டர் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை.

கிராணியின் மனைவி குங்குமச் சிமிழை நீட்டினார். அவரையே வைத்துவிடச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இடது கையை நீட்டி எடுத்தேன். அந்த அம்மாவின் முகம் சுண்டிப்போனது.

"நல்ல காரியம்மா, சோத்தாங்கையால எடு" என்றார் கிராணி.

"அந்தக் கைக்குத்தான் நீங்க இன்னும் சீட்டு குடுக்கலையே அண்ணே."

போட்ட காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள். அந்த அம்மாவிடம் எனக்குப் பகை இல்லை. ஆனாலும் பாவம் என்று தோன்றவில்லை.

இதையும் இடது கையால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணிக்கொண்டு போகிறது. ஆனி கடைசியில், ரெம்பியா ஊர்க் கோயில் மண்டபத்தில் முகூர்த்தம். அதற்குள் சீட்டு வராவிட்டால் முதல் வரிசையில் போய் உட்காருவேன். அட்சதையையும் இந்தக் கையால்தான் போடுவேன்.