மூன்றாம் ஆள் கட்டிய அறை

சாய்ந்தமருது
2025 செப்டெம்பர் 14

அன்பு மகள் நப்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகன் பஸாலும் சின்னவள் நஸ்லினும் லெஸ்டர் குளிரில் சுகமாக இருக்க நாயன் காவல். நான் எழும்பி நடமாடுகிறேன்.

முதலில் நல்ல செய்திகள். உன் மாமா பளீலின் மூத்தவன் றிஷாட் ஒலுவில் பல்கலைக்கழகத்தில் பொறியியல் இரண்டாம் வருஷம் ஏறிவிட்டான். நம் ஒழுங்கை வீடுகளிலிருந்து அந்த வாசலை மிதித்த முதல் பிள்ளை அவன்தான். அவன் தங்கை அஸ்னா தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டட வரைபடம் படிக்கிறாள், வகுப்பில் முதலாவது. உன்னைப் பற்றி உனக்கே சொல்லத் தேவையில்லை. ஆனாலும் ஊரெல்லாம் சொல்லிப் பழகிய வாய். சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது ஏ. உயர்தரத்தில் மாவட்டத்தில் மூன்றாவது. இப்போது வெள்ளைக்காரனின் கந்தோரில் கணக்காளர், உனக்குக் கீழே ஐந்து பேர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருத்தியின் வயிற்று வழியில் வந்த பிள்ளைகள் நீங்கள்.

இனி விஷயம். உனக்கு இது தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். தெரியாதவளுக்குச் சொல்வது போலவே எழுதுகிறேன்.

நீங்கள் போன பிறகு பஸாலின் கூடப்பிறந்த காக்கா றஸாக் முன்வீட்டை வங்கியில் வேலை செய்யும் ஒருவருக்கு வாடகைக்குக் கொடுத்தார். எனக்குக் குசினியும் பக்கத்துச் சாமான் அறையும். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்குள் இருந்த கக்கூஸ் அவர்களுடையதாகிவிட்டது. எனக்குக் கிணற்றுக்கு அப்பால் இருக்கிற பழையது. போன மாரியில் அங்கே போகிற வழியில் சறுக்கி விழுந்தேன். உன்னிடம் சுளுக்கு என்று சொன்னேன். சுளுக்கு இல்லை, இடுப்பு எலும்பு.

அதனால்தான் குசினிக்குப் பின்னால் பத்துக்குப் பத்தடியில் ஓர் அறையும் அதோடு ஒட்டிய கக்கூஸும் கட்டத் தொடங்கினேன். உன்னைக் கேட்கவில்லை. இருந்த வளவில் மண்வெட்டி போட ஆரைக் கேட்பது என்று இருந்துவிட்டேன். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்தபோது மாநகர சபையிலிருந்து கடுதாசி வந்தது. அனுமதி பெறாத கட்டடம், வேலையை நிறுத்தவும்.

பளீலைக் கூட்டிக்கொண்டு சபைக் கந்தோருக்குப் போனேன். குணம் என்று ஓர் உத்தியோகத்தர். கதிரை போட்டு இருத்திவிட்டுத்தான் கதைத்தார். கோழிக்கூட்டுக்கும் அனுமதி வேண்டுமா என்று கேட்டேன், குத்தலாகத்தான். அவர் சிரிக்கவில்லை.

“உம்மா, நீங்க ஓலைப் பந்தல் ஒண்டு போட்டா நான் கண்டும் காணாமப் போவன். கல்லு வெச்சு, கூரை ஏத்தி, குழியும் வெட்டினா அது வீடு. வீடெண்டா வரைபடம் வேணும்” என்றார்.

பிறகு ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினார். பின் எல்லையிலிருந்து ஏழரை அடி விட வேண்டுமாம். நான் மூன்றடி விட்டிருந்தேன். பின்வளவுக்காரருக்கும் காற்றும் வெளிச்சமும் வேண்டும்தானே, அது நியாயம். கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் இடையில் ஐம்பதடி. நான் முப்பதில் வெட்டியிருந்தேன். குடிக்கப்போவது நான், அதுவும் நியாயம். மேசனைக் கூப்பிட்டுப் பின்சுவரை இடித்தேன். குழியை மூடி வளவின் அடுத்த மூலையில் வெட்டினேன். அறை ஒடுங்கிப்போனது. ஒரு கட்டில் போட்டு, தொழுவதற்குப் பாய் விரிக்கலாம், அவ்வளவுதான். அஸ்னா வரைபடம் கீறித் தந்தாள். அவளுடைய ஆசிரியர் சரிபார்த்து ஒப்பம் வைத்தார். வரிப் பற்றுச்சீட்டு, நில அளவைப் படம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு திரும்பவும் போனேன். சட்டம் ஒன்றையும் நான் மிச்சம் வைக்கவில்லை.

குணம் தாள் தாளாகப் பார்த்துக்கொண்டு வந்து, கடைசித் தாளில் விரலை வைத்தார். உரிமையாளரின் கையொப்பம் என்று அச்சடித்திருந்தது. நான் பேனை கேட்டேன்.

“வீட்டு உறுதிப் பத்திரத்தில உங்கட பேர் இல்லையே, உம்மா” என்றார்.

ஓம், இல்லை. என் மகளான உன் உம்மாவுக்கென்று கட்டிய வீடு அது. அவளைக் கடல் கொண்டுபோன பிறகு உனக்கென்று வைத்திருந்தேன். உன் கலியாணத்துக்கு உறுதி எழுதிய அன்று நொத்தாரிசு ஐயா என்னிடம், நீங்கள் மௌத்தாகும் வரை இருப்பதற்குச் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதுவோமா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் இருக்கிற இடத்தில் இப்படி ஒரு கேள்வியா? பேத்திக்குக் கொடுக்கிற வீட்டில் எனக்கு எதற்குப் பூட்டு, முழுக்கவே எழுதுங்கள் என்றேன். கூடியிருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு ஒரு அடி உயரம் கூடியது. அந்த ஒரு அடிக்காகத்தான் இப்போது இந்தக் கந்தோர் படிகளில் ஏறி இறங்குகிறேன்.

பெட்டிசம் போட்டது ஆர் என்றும் கேட்டேன். பெட்டிசம் இல்லை, வீட்டுக்காரரின் முறைப்பாடு, அதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டும் என்று சொல்லிக் கடுதாசிக் கோவையை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் ஐந்தாம் வகுப்புத்தான், ஆனால் தமிழ் எழுத்து எனக்கு ஒளிக்காது. மேலே உன் பெயர். கீழே, உனக்காக ஒப்பம் வைக்க நீ அற்றோணித் தத்துவம் கொடுத்த றஸாக்கின் பெயர். நடுவில், உரிமையாளரின் சம்மதமின்றி மூன்றாம் ஆள் ஒருவர் வளவினுள் கட்டடம் எழுப்புகிறார், அதனை அகற்றித் தரவும் என்று இருந்தது.

இரண்டு தரம் வாசித்தேன். முதலாம் ஆள் நீ. மூன்றாம் ஆள் நான். இரண்டாம் ஆள் ஆர் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

றஸாக்கைக் கூப்பிட்டுக் கேட்டேன். உங்களை வெளியே போகச் சொல்லவில்லையே மூத்தம்மா, கட்ட வேண்டாம் என்றுதானே சொல்கிறோம் என்றார். “அப்ப முன்வீட்டுக் கக்கூஸ்ட சாவியத் தா, வாப்பா” என்றேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

போன மாதம் அவர் இரண்டு பேரைக் கூட்டி வந்து வளவைக் காலால் அளக்கவிட்டது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. அனுமதியில்லாத சுவர் நின்றால், வாங்குகிறவருக்கு வங்கி கடன் கொடுக்காதாம். விற்பதென்றால் விற்றுக்கொள், உறுதி உன்னுடையது. ஆனால் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை போனில் வந்து, இன்றைக்கு என்ன மீன் ஆக்கினீர்கள் என்று கேட்கிறவள், மீனுக்குப் பிறகாவது இதைச் சொல்லியிருக்கலாம்.

பளீல் தன்னோடு வந்துவிடச் சொல்கிறான். நல்ல பிள்ளைதான். ஆனால் அவன் இருப்பது அவன் மனைவிக்கு அவளுடைய உம்மா கொடுத்த வீடு. அவனே அங்கே செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றி வைக்கிறவன். ஆம்பிளைப் பிள்ளையின் உம்மா அந்த வீட்டுக்கு விருந்துக்குப் போகலாம். குடியிருக்கப் போனால், பேத்தி துரத்திவிட்டாள் என்று ஊர் உன்னைத்தான் சொல்லும். அதையும் நான்தான் கேட்க வேண்டும்.

குணம் ஒக்டோபர் முப்பதாம் திகதி வரை தவணை தந்திருக்கிறார். அதற்குள் உரிமையாளரின் கையொப்பத்தோடு விண்ணப்பம் வந்தால் அனுமதி கிடைக்கும், மற்ற எல்லாம் சரி என்கிறார். வராவிட்டால் நின்ற சுவரையும் நானே இடித்துக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு மாரி.

இதெல்லாம் நீ அறிந்து நடந்ததா, அறியாமல் நடந்ததா என்று கேட்கமாட்டேன். கேட்டால் நீ ஒரு பதில் சொல்வாய். அந்தப் பதிலோடு மிச்ச நாளைக் கழிக்க எனக்குத் தெம்பில்லை. விண்ணப்பத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். வைத்தேன், அவ்வளவுதான். கையொப்பம் போடு என்று எழுதக் கை வரவில்லை. உன் பள்ளிக்கூட அறிக்கைகளில் பாதுகாவலர் என்ற இடத்தில் தவணைக்குத் தவணை ஒப்பம் வைத்தவள் நான். ஒரு தரமும் நீ கேட்டு வைத்ததில்லை.

அல்லாஹ் உனக்கும் உன் பிள்ளைக்கும் எந்த ஊரில் எந்தக் கூரையின் கீழ் இருந்தாலும் பறக்கத்தைத் தருவானாக. உன் மகள் வளர்ந்து உனக்கு ஒரு நாளும் கடுதாசி எழுத வேண்டிவராமல், உன் பக்கத்திலேயே இருப்பாளாக.

உன்னிடம் கேட்பதற்கு ஒன்றே ஒன்று இருக்கிறது. நஸ்லினின் புதிய படம் ஒன்று அனுப்பு. போனில் வேண்டாம், போனில் வருவதை இன்னொருவர் திறந்து காட்டினால்தான் எனக்குத் தெரியும். கடையில் கொடுத்து எடுத்த படமாக, கையில் பிடித்துப் பார்க்கிற படமாக இருக்கட்டும். நீயும் பக்கத்தில் நில். என் விலாசம் எழுதிய உறையும் உள்ளே இருக்கிறது. பெரிய உறை, எதையும் மடிக்காமல் வைக்கலாம். இந்தக் கடிதம் கிடைத்த கிழமையே தபாலில் சேர்த்துவிடு, மகள். முப்பதாம் திகதிக்குப் பிறகு வருகிற படத்தை நான் எந்தச் சுவரில் கொழுவுவது?

இப்படிக்கு,
உன் உம்மாவைப் பெற்றவள்,
ஸைனம்பு